ஒட்டடை 4.2, பிள்ளையார்பாளையம்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோர மேஜையில், கம்ப்யூட்டருக்கு முன்னால், தேவசகாயம் ஆகிய நான். என் வலப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நீலாம்பாள் அக்கா. கம்ப்யூட்டரும் அதில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கும் அவருடையவை. பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். எதிரே தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி அவர் தம்பி ஆனந்தகுமார். தறி நின்றிருந்தது. நெய்ய வேண்டிய டிசைன் காலையில் காணாமல் போய்விட்டது. மணி மதியம் இரண்டே கால்.

காணாமல் போனதற்கு என் ப்ரோக்ராம் காரணமா இல்லையா என்று பார்க்கத்தான் ஓரிக்கையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ப்ரோக்ராமின் பெயர் ஒட்டடை. ஒரே ஃபைல் டிஸ்க்கில் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும். படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். ஒன்பது வருஷமாகச் சம்பள வேலை போக மிச்ச நேரத்தில் இதைப் பராமரிக்கிறேன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தமும் அனுப்பலாம்.

பல லட்சம் பேர் பயன்படுத்தும் ஒரு லினக்ஸ் வெளியீட்டில் முதல் தடவையாக ஒட்டடைக்கு இடம் கிடைத்திருந்தது. ஒட்டடையின் புதிய பதிப்பு, 4.2, ஏற்கெனவே உள்ளே போயாயிற்று; அக்காவிடம் இருப்பதும் அதுதான். அன்று மாலை ஐந்தரைக்குக் கதவை அடைப்பார்கள். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு உள்ளே இருப்பதுதான் இருக்கும்.

போன வாரமே அக்கா போன் செய்து ஒரு டிசைன் போய்விட்டது என்றார். தப்பான ஃபோல்டரைக் கொடுத்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு, பிழைப் பட்டியலில் 'பயன்படுத்தியவர் தவறு' என்று எழுதி மூடியவன் நான்தான். இன்று இன்னொரு டிசைனின் ஃபோல்டரில் மட்டும் ஓட்டியிருக்கிறார்; அந்த இரண்டாவதும் போனது.

"மொதல்ல டிஸ்க்க காப்பி எடுத்துக்கலாம்க்கா."

எடுக்கப் போட்டேன். மூன்று மணி நாற்பது நிமிஷம் ஆகும் என்று காட்டியது.

"அதுக்குள்ள அஞ்சரை தாண்டிடுமேப்பா," என்றார் ஆனந்தகுமார். "உள்ள இன்னும் அறநூறு டிசைன் இருக்குது. எதையும் தொட்டுராத."

தொடாமல் பார்க்க மட்டும் செய்தேன். ஒவ்வொரு டிசைனும் ஒரு பெரிய ஃபோல்டர். அதற்குள் வரிசையாக எண் போட்ட சின்ன ஃபோல்டர்கள். ஒன்றைத் திறந்து கடைசி எண் வரை போனேன். அதற்குள் ஒரு வாசல் இருந்தது. ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ நாமே வைத்துக்கொள்ளும் இணைப்பு அது. அதன் வழியே போய் ஒன்றாம் எண்ணில் வந்து நின்றேன்.

"அக்கா, கடைசிலேர்ந்து மொதலுக்கு ஏன் இணைப்பு குடுத்தீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது என்னாப்பா கேள்வி? அட்டைய எப்படிக் கட்டுவாங்க?"

ஆனந்தகுமார் தறிக்கு மேலே கை காட்டினார். ஜக்கார்டு பெட்டியிலிருந்து, டிசைனைத் தறிக்குச் சொல்லும் துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கயிற்றால் கோத்துத் தொங்கின. கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டியிருந்தார்கள். கட்டினால்தான் டிசைன் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து ஓடும். அக்கா கம்ப்யூட்டரிலும் அப்படியே கட்டியிருக்கிறார். அறுநூறையும்.

4.2-ன் மூல நிரலைத் திறந்தேன். பழைய பதிப்பில், போன இடத்துக்கே திரும்பப் போகிறோமா என்று பார்க்கும் ஒரு சோதனை இருந்தது. வேகம் கூடட்டும் என்று அதை எடுத்தவன் நான். எடுத்த இடத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன். அக்கா சொல்லச் சொன்னதால் தமிழில் சொன்னேன்: "சுற்றிவந்து தன்னையே தொடும்படி யாரும் ஃபோல்டர் வைக்கமாட்டார்கள்."

"யாரும் செய்ய மாட்டாங்களா? அப்ப நாங்க யாருப்பா?"

"உன்ன மனுஷக் கணக்குலயே சேக்கல போலக்கா," என்றார் ஆனந்தகுமார். அவர் சிரிக்கவில்லை.

நடந்தது விளங்கிவிட்டது. இரண்டாவது சுற்றில் அதே ஃபைலை வேறு வழியில் பார்த்த ஒட்டடை, அதை நகல் என்று நினைத்து அழித்திருக்கிறது. இருந்ததே அந்த ஒன்றுதான்.

என் லேப்டாப்பில் மூன்றே மூன்று மாதிரி ஃபோல்டர்களில் ஒவ்வொரு ஃபைல் போட்டு, கடைசியை முதலோடு கட்டி ஓட்டினேன். மூன்றிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. மணி மூன்று ஐந்து.

சோதனையைத் திரும்பச் சேர்த்தேன். இப்போது மூன்றும் பிழைத்தன.

"கரை தனி, உடல் தனிப்பா," என்றார் அக்கா. "ரெண்டும் தனித்தனியா சுத்தும். முந்தானைல ஒண்ணுக்குள்ள ஒண்ணு போவும். அத வச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அப்படியும் கட்டி ஓட்டினேன். கரையில் ஒரு ஃபைல் போய்விட்டது.

சேர்த்ததை அழித்து வேறு விதமாக எழுதினேன். நான்கு நாற்பதுக்கு அதுவும் பிழைத்தது.

இனி அனுப்ப வேண்டும். எந்தத் திருத்தத்துக்கும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பது வெளியீட்டுக் குழுவின் விதி. என்னோடு ஒட்டடையைப் பராமரிக்கும் ஹெலேனா வான்கூவரில் இருக்கிறாள். அங்கே விடியவில்லை. இரண்டு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. 'சின்னத் திருத்தம்னா நான் படிச்சதா என் பேரைப் போட்டுக்கோ' என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். திருத்தத்தோடு குழுவுக்குப் போகும் கடிதத்தின் அடியில் அவள் பெயரைப் போட்டேன்.

இன்னொரு வழியும் இருந்தது. ஒட்டடையை வெளியே எடுத்துவிடுங்கள் என்று கேட்க என் ஒரு கையெழுத்தே போதும். கேட்டால் ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த இடம் போய்விடும்.

"சரியாய்டுச்சா?" என்றார் அக்கா.

"ஆய்டுச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப என் டிஸ்க்குல ஓட்டு. காப்பி முடியறதுக்கு முன்னாடியே ஓட்டு, பாக்கலாம்."

"அக்கா, என்னா சொல்ற நீ!" ஆனந்தகுமார் குழியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இரு குமாரு. ஊர் பேர் தெரியாதவங்க டிஸ்க்குல எல்லாம் ஓட்டப்போறாரு இல்ல? என்னுதுல ஓட்டட்டும்."

கட்டளையைத் தட்டினேன். எண்டர்தான் பாக்கி. விரலை அதன்மேல் வைத்தேன். கரையும் உடலும் யோசித்தாயிற்று. மூன்றாவதாக இவர் ஏதாவது கட்டியிருந்தால்? இவர் கட்டாததை வேறு எவராவது கட்டியிருந்தால்? விரல் இறங்கவில்லை. அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டளையை ஓரெழுத்து மிச்சமில்லாமல் அழித்தேன். மணி ஐந்து ஐந்து.

கடிதத்தில் ஹெலேனாவின் பெயரையும் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரிசையில் முதலிலிருந்து எழுதினேன். அனுப்புநர், தேவசகாயம். பெறுநர், வெளியீட்டுக் குழு. பொருள், ஒட்டடை 4.2-ஐ விலக்கிக்கொள்வது. விவரம்: இந்தப் பதிப்பு சுற்றிக் கட்டிய ஃபோல்டர்களில் ஒரே பிரதியையும் அழிக்கிறது. திருத்தம் இருக்கிறது, ஆனால் என்னைத் தவிர யாரும் அதைப் படிக்கவில்லை. தயவுசெய்து ஐந்தரைக்குள் எடுத்துவிடுங்கள். சோதனையை நீக்கியது நான். காஞ்சிபுரம் நீலாம்பாள் போன வாரமே சொன்னார். அவர் தவறு என்று எழுதி மூடியதும் நான்.

அதை அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"என் பேரு எதுக்குப்பா அதுல?"

"கண்டுபிடிச்சவங்க பேர் போடணும்க்கா."

"அப்ப இனிஷியலோட போடு. நா. நீலாம்பாள்."

போட்டேன். "அடுத்தது எப்போ?" என்றார் ஆனந்தகுமார்.

"ரெண்டு வருஷம்."

அவர் திரும்பத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தார்.

எழுதியது நான்தான் என்பதற்கு, கடிதத்தை என் டிஜிட்டல் சாவியால் முத்திரையிட வேண்டும். ரகசியச் சொல்லைக் கேட்டது. முதல் தடவை தப்பாக அடித்தேன். இரண்டாவது தடவை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். கடிதத்துக்குக் கீழே முத்திரை விழுந்தது. ஐந்து இருபத்தொன்றுக்கு அனுப்பினேன்.