பொய்ப் பார்ட்டி

என் மச்சான் தண்டபாணிக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். ஒன்று பார்ட்டி, அதாவது வீடு வாங்குகிறவன்; இன்னொன்று பார்ட்டியைக் கூட்டி வரக்கூடியவன். திருவொற்றியூரில் வெகுகாலமாக வீட்டு புரோக்கர். இப்போது கொஞ்ச நாளாக, புரோக்கர் என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் கேன் போடுகிறான். மெட்ரோ வந்தால் விலை பிய்த்துக்கொண்டு போகும் என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னவன் இவன்தான். மெட்ரோ வந்தது. விலை அதில் ஏறி வேறு எங்கேயோ இறங்கிவிட்டது. தெருவுக்கு நாலு வீட்டில் 'விற்பனைக்கு' என்று போர்டு தொங்குகிறது. வெயிலில் போன் நம்பர் வெளுத்துப்போய், கூப்பிடலாம் என்று நினைப்பவனுக்கும் கூப்பிட வழியில்லை.

வாங்க ஆளில்லை என்றால் விலையைக் குறைக்க வேண்டியதுதானே? குறைக்க மாட்டார்கள். எதிர்வீட்டுக்காரன் கொரோனாவுக்கு முன்னால் என்ன விலைக்கு விற்றான் என்பதையே வருகிறவனிடமெல்லாம் ஒப்பிப்பார்கள். இதற்குத் தண்டபாணி வைத்திருக்கும் மருந்துதான் பொய்ப் பார்ட்டி. நிஜமாக வாங்கக்கூடியவன் ஒருத்தன் கிடைத்தால் அவனை உடனே காட்ட மாட்டான். முதலில் ஒரு பொய் ஆளைக் கூட்டிப்போய் அடிமாட்டு விலைக்குக் கேட்க வைப்பான். வீட்டுக்காரர் கத்துவார், தூக்கம் இழப்பார். அதற்கப்புறம் நிஜப் பார்ட்டி வந்து கொஞ்சம் கூடச் சொன்னால், சாமியே வந்த மாதிரி தலையாட்டுவார்.

இந்தத் தடவை அந்தப் பொய் ஆள் நான்.

என் பெயர் சின்னப்பையன். வயது ஐம்பத்தெட்டு, தொப்பை தனியாக நடக்கும். மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். வெள்ளைச் சட்டை போட்டால் மட்டும் இரண்டு லாரி வைத்திருக்கிறவன் மாதிரி இருப்பேன். அதுதான் வினை.

"மாமு, ஒரே ஒரு தபா. வூட்டுக்காரரு முப்பத்தெட்டு லட்சம் சொல்லிகினு கீறாரு. நீ இருபத்தாறு கேளு. அந்தாளு காண்டாயி கத்துவாரு. நீ எந்திரிச்சு வந்துகினே இரு. அவ்ளோதான் மேட்டரு" என்றான் தண்டபாணி.

"ஏன்டா, எனக்கு இன்னா தலையெழுத்தா?"

"என் பார்ட்டி முப்பதுக்கு ரெடியா கீறான் மாமு. இத முடிச்சாதான் எனக்கு இந்த வருசம் கஞ்சி."

நான் முடியாது என்றேன். என் வீட்டுக்காரி பச்சையம்மா உள்ளே இருந்து, "தம்பி கேக்குறான் இல்ல, போனா இன்னா தேஞ்சா பூடுவ? நானும் வரேன்" என்றாள். அவள் ஏற்கெனவே புடவை மாற்றியிருந்தாள். அக்காவும் தம்பியும் முன்பே பேசி முடித்துவிட்டு என்னிடம் அனுமதி கேட்கிற நாடகம் அது. நாங்கள் மூவரும் போனோம்.

சாத்தாங்காடு போகிற வழியில், மூன்று மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. வீட்டுக்காரர் ஜோபின், நாற்பது வயது இருக்கும், கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் நட்டு போல்ட்டு மொத்த வியாபாரம். அவர் மனைவி ரோஸ்மேரி காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். ஏமாற்ற வந்த இடத்தில் எனக்கு முறுக்கு இறங்கவில்லை. பச்சையம்மாவுக்கு இறங்கியது.

அதோடு விட்டாளா? ஒவ்வொரு அறையாகப் போய், "கட்டில இந்தாண்ட போட்டா ஃபேன் காத்து நல்லா வரும்ல" என்று ரோஸ்மேரியிடமே யோசனை கேட்டாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சட்டென்று வேலையை முடித்துவிடலாம் என்று, "இருபத்தாறுன்னா பாக்கலாம்" என்றேன். கத்தலுக்குத் தயாராகி, செருப்பு எங்கே கிடக்கிறது என்றும் பார்த்துக்கொண்டேன்.

ஜோபின் கத்தவில்லை. "அண்ணாச்சி, உங்க வீட்ல சின்னப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல. ஒரே பையன். ஓசூர்ல வேலை செய்றான்" என்றாள் பச்சையம்மா.

"பேரப்பிள்ளை?"

"அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

ஜோபின் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "சரி அண்ணாச்சி. இருபத்தாறுக்கே எடுத்துக்கிடுங்க" என்றார்.

தண்டபாணி வாயில் முறுக்கோடு அப்படியே நின்றான்.

ஜோபின் தானாகவே சொன்னார். "உங்ககிட்ட மறைக்கக் கூடாது பாத்துக்கிடுங்க. எங்க பிள்ளை பெனிஷாவுக்கு ஏழு வயசு. இங்க வந்த பிறவுதான் இளைப்பு. காத்து இந்தப் பக்கம் திரும்பி மணலி கம்பெனி நாத்தம் வந்துட்டா, ராத்திரி மூச்சு முட்டும். மூஞ்சில மாஸ்க்க வச்சு மெஷின்ல மருந்து குடுக்கோம். டாக்டர் ஊர மாத்துன்னு சொல்லிட்டாரு. ஸ்கூல் திறக்கதுக்குள்ள நாகர்கோவில் போயிரணும். இத வித்தாதான் அங்க வீடு. எனக்கு விலை பெருசு இல்ல. பிள்ளை இல்லாத வீட்டுக்காரங்களுக்குக் குடுக்கணும்னு ரோஸ்மேரி பிடிவாதமா இருக்கா. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பிறவு வாங்க, தட்டு மாத்தி உறுதி பண்ணிக்கிடுவோம்."

படியிறங்கும் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். தெருவுக்கு வந்ததும் தண்டபாணியின் சட்டையைப் பிடித்தேன். ஆனால் அவன் என்னைவிடக் கோபமாக இருந்தான்.

"இன்னா மனுசன் மாமு அவரு! கேட்டதும் சரின்னுட்டாரு! ஒரு தபாகூடக் கத்தல! இப்டி இருந்தா நான் எப்டித் தொழில் பண்றது?"

"அவரு கத்தலன்னு உனக்குக் கோவமாடா? நான் இருபத்தாறு லட்சத்துக்கு எங்கடா போவேன்? என்கிட்ட இருபத்தாறாயிரம் கீதா?"

"நீ ஒண்ணும் பயப்படாத. ஞாயித்துக்கிழம என் நெசப் பார்ட்டியையும் இட்டுகினு வரேன். அக்காவுக்கு மாடி ஏற முடியல, மூட்டு வலி, நாங்க வுட்டுக்குடுக்குறோம்னு சொல்லு. அவன் முப்பது குடுப்பான். அவருக்கு நாலு லட்சம் கூட வருது. இதுல உனக்கு இன்னா பாவம்?"

"உன் பார்ட்டிக்குச் சின்னக் கொழந்த கீதா?"

"கொழந்த இருந்தா இன்னா, கொரங்கு இருந்தா இன்னா மாமு? செக்கு பாஸாவுதான்னு பாரு."

பச்சையம்மா அதற்குள், அந்தச் சமையலறை மேடை தன் உயரத்துக்குச் சரியாக இருந்தது என்று ஆரம்பித்தாள். வாங்கவே போவதில்லை என்பதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். வீடு வரை அவள் என்னோடு பேசவில்லை. என்னமோ காசை வைத்துக்கொண்டு நான்தான் மறுக்கிற மாதிரி. போன் செய்து ஜோபினிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பச்சையம்மா, "என் தம்பி பொழப்புல மண்ணு போடாத" என்று கையிலிருந்து பிடுங்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது ஜோபின் வீட்டு மேசையில் தட்டு தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், ஒரு பெரிய சீப்பு வாழைப்பழம். நான் மூட்டு வலியை எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசிப்பதற்குள் தண்டபாணி அவனுடைய பார்ட்டியோடு உள்ளே வந்தான். ராமதாஸ், துறைமுகத்தில் நிரந்தர வேலை, பேங்க் லோன் கையில் தயார். கூட அவன் மனைவி மாயா. அவள் இடுப்பில் மூன்று வயதுப் பையன்.

ஜோபின் பையனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மூட்டு வலியை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன். என் மூட்டா பச்சையம்மா மூட்டா என்று எனக்கே குழப்பம். பச்சையம்மா தப்பான முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"முப்பது சார். எல்லா பேப்பரும் பக்கா" என்றான் தண்டபாணி.

"இவங்களுக்குத் தர மாட்டேன்" என்றார் ஜோபின்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாங்க முடியாதவனுக்குக் குறைத்துக் கொடுப்பாராம், வாங்க வந்தவனுக்குக் கூடக் கொடுத்தாலும் தர மாட்டாராம். பெண்ணைக் காப்பாற்ற வீட்டை விற்க வேண்டிய மனுஷன், விற்கவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார். இப்படியே போனால் ஸ்கூல் திறந்துவிடும், பெனிஷா இதே வீட்டில்தான் மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பாள்.

ராமதாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் சார்? நாங்க குப்பத்து ஆளுங்கன்னா? துட்டு குப்பத்துத் துட்டா?"

"ஐயோ, அது இல்ல தம்பி." ஜோபின் எழுந்து நின்றுவிட்டார். "இந்த வீட்ல வச்சு என் பிள்ளைக்கு மூச்சு முட்டுது. அதான் விக்கோம். உங்க பிள்ளைய இங்க கொண்டு வராதீங்க. தெரிஞ்சுகிட்டே நான் எப்படித் தர?"

தண்டபாணி தலையில் அடித்துக்கொண்டான். நானும் அடித்துக்கொண்டேன், ஆனால் என் காரணம் வேறு. முதல் நாளே நான் பொய்ப் பார்ட்டி என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டியவன் நான்.

ராமதாஸ் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "சார், நாங்க நெட்டுக்குப்பம். சோறு துன்னும்போது தட்ட மூடிகினு துன்ற ஆளுங்க. மேல பாத்தா கரண்டு பிளான்ட்டு சாம்பல், கீழ ஆத்துலயும் அதே சாம்பல். என் புள்ளைக்கும் அதே வீசிங்குதான். எங்க டாக்டரும் எடத்த மாத்துன்னுதான் சொன்னாரு. அத்தொட்டுதான் இங்க வரோம்."

"இங்க வந்தும் அதேதான தம்பி" என்றார் ஜோபின்.

"உங்களுக்கு ஊரு கீது சார், போறீங்க. எங்களுக்கு ஊரே இதான். எனக்கு ஹார்பர்ல வேல. லோனும் இவ்ளோதான் எட்டுது. இதுக்கு அந்தாண்ட நான் எங்க போவ?"

நான் பிறந்ததே இந்தக் காற்றில்தான். அதை விட்டுப் போகலாம் என்பதே எனக்கு இதுவரை தோன்றியதில்லை. அப்போதுதான் மாயா, பையனை இடுப்பு மாற்றிக்கொண்டு ரோஸ்மேரி பக்கம் திரும்பினாள்.

"யக்கா, உங்க பொண்ணுக்கு ராத்திரியில எத்தினி வாட்டி மெஷின் வைப்பீங்க?"

ரோஸ்மேரி தயங்கினாள். கணவனைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. "ஒருக்கா வைப்போம். காத்து ரொம்ப மோசம்னா ரெண்டு தடவ."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"எங்களுக்கு நாலு வாட்டிக்கா" என்றாள் மாயா. ராமதாஸைப் பார்த்து, "இது போதும்யா. வாங்கிடு" என்றாள்.

ரோஸ்மேரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். ஜோபின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தட்டைத் தொடவில்லை. கடைசியில் பச்சையம்மாதான் தட்டை எடுத்து மாயா கையில் கொடுத்தாள். பையன் அதிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டான்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. தண்டபாணி கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"இன்னாத்துக்கு மாமு அடிக்கிற? வூடு வித்துடுச்சே!" என்றான்.