சிலந்தி இறங்கிய அறை

இரவு வேலை முடிந்து, முகம்கூடக் கழுவாமல், மகளைக் காது ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தாள் அவள். முடியில் மில் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

மகளை வீட்டில் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் செத்த ஈயை எறும்பு இழுத்துப்போனால் போதும், அங்கேயே குத்த வைத்துவிடுவாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் பதில் வராது. பிள்ளைக்குக் காது போய்விட்டதோ என்று சில நாட்களாக அவளுக்குப் பயம்.

"நீ கூப்பிடுறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது. அவளுக்கா கேக்காது?" என்று சிரித்தான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காது சோதிக்கிற பெண் நத்தையைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டாள். மேசைமேல் ஒரு பட்டன்.

"சத்தம் கேக்குறப்பல்லாம் இதை அமுக்கணும், சரியா கண்ணு?"

நத்தை தலையாட்டினாள். முதலில் ஒரு தடவை அமுக்கினாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே இருந்த பெண் குமிழைத் திருகிக்கொண்டே போனாள். நத்தை அசையவில்லை.

"வீட்ல டிவி சத்தமா வெப்பாளாம்மா?"

"இல்ல மேடம். நான்தான் வெப்பேன்."

அம்மா கண்ணாடி வழியே பார்த்தாள். நத்தை அண்ணாந்திருந்தாள். மேலிருந்து ஒரு சின்னச் சிலந்தி நூல் விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

"ஏன்டி அமுக்கல? கேக்கலையா?"

நத்தையின் உதடு மட்டும் அசைந்தது.

"வாயைத் திறந்து சொல்லு."

"சொல்லிட்டாளேம்மா," என்றாள் பின்னால் வந்த பெண். "எல்லாச் சத்தமும் கேட்டுச்சாம். அமுக்குனா மேசை ஆடுதாம், சிலந்தி மேல ஏறிடுதாம்."

"எப்ப சொன்னா?"

"இப்பதான். உங்ககிட்டதான்."

அந்தப் பெண் அம்மாவையே பார்த்தாள். பிறகு நத்தையின் ஹெட்போனைக் கழற்றினாள். "நீங்க உக்காருங்கம்மா."

உட்கார்ந்தாள். ஹெட்போன் இப்போது அவள் காதில். கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண்ணின் கை குமிழைத் திருகியது. மறுபடி திருகியது. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். சிலந்தி அவள் முகத்துக்கு நேராக இறங்கி வந்தது. மில்லில் அறுந்த நூலைப் பிடித்துப் பிடித்து ஒட்டுகிற கை, இதைத் தொடாமல் சும்மா கிடந்தது. அப்போது எங்கோ தூரத்தில் ஒரு சத்தம். அமுக்கினாள். மேசை ஆடியது. சிலந்தி விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டது.

"மில்லுல காதுக்கு ஒண்ணும் வெச்சுக்கறதில்லையா?" என்று கேட்டாள் அந்தப் பெண், சத்தமாக.

"பஞ்சு வெச்சுப்பேன். அது விழுந்துடும்."

"போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்திக்குங்க. பொண்ணு காது பாம்புக் காது."

பஸ் நிறுத்தத்தில் நத்தை கம்பத்தடியில் குத்த வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ச் சமைக்கணும், கொஞ்சம் படுக்கணும், ராத்திரி மறுபடி மில்.

"எந்திரிடி," என்று கத்தினாள். பழக்கதோஷம்.

நத்தை நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இத்தனை நாளும் இப்படித்தான் அசைந்திருக்கும்.

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து உட்கார்ந்தாள். மகளின் வாயோரம் காதைக் கொண்டுபோனாள்.

"வரேம்மா. இந்த எறும்பு மூஞ்சி கழுவுது."

எறும்பு முன்னங்காலால் மீசையை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

"பஸ் வருது," என்றாள் நத்தை, எறும்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ரோடு காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வளைவில் பஸ் திரும்பியது.