மாரிச்சாமி வீட்டு மருந்துப் பை

ஆடி அமாவாசைக்குப் பரளச்சியிலிருந்து சதுரகிரி மலைக்கு வேன் கிளம்பும்போது முதலில் ஏறுவது மாரிச்சாமி வீட்டு மருந்துப் பைதான். ஆட்கள் அதற்குப் பிறகுதான் ஏறுவார்கள். அவருடைய தகப்பனார் காலத்தில் மலைப்பாதையில் பாம்பு கடித்து ஒருவர் செத்துப்போனார். அன்றிலிருந்து வந்த வழக்கம். ஊர் மலைக்குப் போனால் ஊருக்கான மருந்து அந்த வீட்டிலிருந்துதான் போகும். வேனுக்கு வரி பிரிப்பார்கள், சோற்றுக்குப் பிரிப்பார்கள், மருந்துக்குப் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் என்ன என்று ஒரு வருஷம் ஒருவன் கேட்டுவிட்டான். மாரிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எவனும் கேட்டதில்லை.

வேன் கிளம்புமுன் பிள்ளையார் கோயில் வாசலில் பையைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாருக்கும் எடுத்துக் காட்டுவதும் வழக்கம். பையைச் சுமக்கிறவனே விழுந்துவிட்டால் மற்றவனுக்கு எது எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டுமல்லவா? அதனால் அந்தப் பையில் மறைவு என்று எதுவும் கிடையாது. ஊர் அப்படித்தான் நினைத்திருந்தது.

அந்தப் பைக்குள்தான் மாரிச்சாமி தன் மகனுடைய மாத்திரையை மறைத்து வைத்திருந்தார்.

கோகுலுக்குப் பத்து வயதில் வலிப்பு வந்தது. அருப்புக்கோட்டையில் காட்டினால் பஸ் ஸ்டாண்டுக்குள் செய்தி போய்விடும் என்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று தொடங்கிய மாத்திரை. வேளை தவறாமல் போட்டால் ஒன்றும் இல்லை, தவறினால் வரும் என்றார் டாக்டர். தவறவில்லை, வரவும் இல்லை. பையன் நல்ல உயரமாக வளர்ந்தான், டிராக்டர் ஓட்டினான், கட்டங்குடிப் பக்கம் வரை உழவுக்குக் கூப்பிட்டார்கள். விஷயம் தெரிந்த மூன்றாவது ஆளான அவன் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண் பார்த்தபோது மாரிச்சாமி வாயைத் திறக்கவில்லை. வலிப்புள்ள வீடு என்று ஒரு சொல் விழுந்தால் மகனோடு நிற்காது, மகள் தங்கலட்சுமியையும் எவனும் கேட்டு வர மாட்டான். கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரை டப்பா கிணற்று மோட்டார் ரூமில் இருந்தது. காலையும் மாலையும் மோட்டார் போடப் போகிற சாக்கில் கோகுல் விழுங்கிவிட்டு வருவான். மாத்திரைகளை அட்டையிலிருந்து உதிர்த்து, சத்து மாத்திரை என்று எழுதிய டப்பாவில் போட்டு வைத்தது மாரிச்சாமியின் யோசனை. மலைக்குப் போகும்போது மட்டும் அந்த டப்பா மருந்துப் பைக்குள் வரும். அந்தப் பையை அவரைத் தவிர யாரும் கட்டியதில்லை.

இந்த வருஷம் அவர் பெருமையே அவரைக் கவிழ்த்தது. ஊர்க்கூட்டத்தில் பேச்சு மலைப்பயணத்துக்கு வந்தபோது, யாரும் கேட்காமலே சொன்னார், இந்தத் தடவை பையை என் மருமகள் கட்டுவாள் என்று. செல்வலட்சுமி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சபை தலையாட்டியது. அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. வீட்டுக்குப் பாதித் தூரம் நடந்த பிறகுதான் டப்பா நினைவு வந்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. சத்து மாத்திரைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இருந்த மாத்திரை அத்தனையும் டப்பாவோடு எப்போதும்போலப் பைக்குள் போட்டு வைத்தார்.

கிளம்புகிற அன்று காலையில் செல்வலட்சுமி பழைய பையை முற்றத்துப் பாயில் கவிழ்த்தாள். கோகுல் உழவுக்குப் போயிருந்தான். மாரிச்சாமி நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். பஞ்சு பழுத்துப் போயிருந்தது. புதுப் பஞ்சும், பொட்டலம் பிரிக்காத காயத்துணியும், சுளுக்குக்குச் சுற்றுகிற இழுவைத் துணியும் வாங்கி வந்திருந்தாள். உப்புச் சர்க்கரைப் பொடியும் குளுக்கோஸும் சேர்த்து ஒரு கட்டு, காய்ச்சல் மாத்திரையும் பேதி மாத்திரையும் ஒரு கட்டு, முள் எடுக்கிற இடுக்கி, கத்தரி, கையுறை, ஊக்கு, விசில். அவசரத்தில் எடுக்க வேண்டியது மேலே, மற்றது கீழே. மழை பெய்தால் நனையாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலிதீன் உறை. பழைய பையிலிருந்த பிளேடையும் சணல் கயிற்றையும் எடுத்துத் தனியாக வைத்தாள்.

"இது எதுக்கு மாமா?"

"பாம்பு கடிச்சாக் கீறிவிட்டுக் கட்டுறதுக்குத்தா."

"கீறக் கூடாது மாமா. இறுக்கிக் கட்டவும் கூடாது. ஆள நடக்க விடாம, கடிச்ச கால அசைக்காம கீழ கொண்டு வந்துரணும். நம்ம கையில அம்புட்டுத்தான் இருக்கு."

தகப்பனார் வைத்த பிளேடு அது. மாரிச்சாமிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஆனாலும் தன் வீட்டுப் பெண் இத்தனை தெரிந்து வைத்திருக்கிறாளே என்ற நிறைவு அதை அமுக்கிவிட்டது. அந்த நிறைவிலேயே இருந்தவர், அவள் டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் மாத்திரையைக் கொட்டிப் பார்த்ததைக் கவனிக்கவில்லை.

"மாமா, சத்து மாத்திரைன்னு போட்டிருக்கு. உள்ள வேற என்னமோ இருக்கே. யாரு போடுறது இது?"

அவர் கண் அடுப்படிக்கும் வாசலுக்கும் போனது. மகள் தங்கம் அடுப்படியில் இருந்தாள். வாசலில் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் போடுறதில்ல. பழசு."

"அட்டை இல்லாத மாத்திரைய வச்சுக்கிறவே கூடாது மாமா. தலவலின்னு யாராச்சும் எடுத்து முழுங்கிட்டா வம்பு."

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற அங்கணக் குழியில் கொட்டி, ஒரு செம்புத் தண்ணீரையும் ஊற்றினாள். சின்னப் பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடக் கூடாதே என்ற கவனம். மாரிச்சாமி நாற்காலியை விட்டு அசையவில்லை. அசைந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

மத்தியானம் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். அருப்புக்கோட்டைக்குள் போனால் மருமகளின் ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணில் படுவோம் என்று, டவுனுக்கு வெளியே பாளையம்பட்டியில் இறங்கினார். மெடிக்கலில் மாத்திரைப் பேரைச் சொன்னதும், இதை டாக்டர் சீட்டில்லாமல் தர மாட்டோம், யாருக்கு, எத்தனை நாளாக என்று கடைக்காரர் கேட்டார். சீட்டு மோட்டார் ரூமிலும் இல்லை. மாத்திரை வாங்கும் மதுரைக் கடையிலேயே விட்டு வைத்திருந்தார்கள். வேன் கிளம்புவதற்குள் மதுரைக்குப் போய்த் திரும்ப முடியாது. எனக்குத்தான் என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம் என வாயெடுத்தபோது, பக்கத்தில் வந்து நின்றவர் வணக்கம் சொன்னார். தங்கத்தை நிச்சயம் செய்திருக்கும் திருச்சுழி வீட்டில் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை. உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். மூட்டுக்குத் தைலம் வாங்க வந்தேன் என்றார் மாரிச்சாமி. தைலத்தை வாங்கிக்கொண்டே திரும்பி வந்தார்.

கோகுல் டிராக்டரை நிறுத்துகிற இடத்தில் காத்திருந்து நடந்ததைச் சொன்னார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அவகிட்ட நான் சொல்லிர்றேன்ப்பா. அந்த வேல பாக்கிறவ. ஒரு போனப் போட்டா ஆஸ்பத்திரில இருந்தே மாத்திர வந்துரும்."

"அவ புரிஞ்சுக்கிருவா. அவுக அப்பா புரிஞ்சுக்கிருவாரா? திருச்சுழிக்காரக புரிஞ்சுக்கிருவாகளா? ஆவணில கல்யாணத்த வச்சுக்கிட்டு..."

"அப்ப நான் மலைக்கு வரல."

"காப்புக் கட்டியிருக்க. பையச் சொமக்கிற நீயே வரலன்னா ஊரு என்னன்னு கேக்கும்."

கோகுல் தன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தான். பிறகு அப்பாவுடைய முகத்தைப் பார்த்து, எதற்கு இப்படி வேர்க்கிறது உங்களுக்கு, ஒரு நாள்தானே, நாளை மறுநாள் மதுரைக்குப் போய் வாங்கிக்கொள்வோம் என்று அவனே தேற்றினான். மாரிச்சாமி அந்தத் தேறுதலைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள அவருக்கு வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் கோயில் வாசலில் செல்வலட்சுமி பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். பெத்தம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு மருந்தத் தூக்கிட்டு மலைக்குப் போறீகளா, ஆஸ்பத்திரி தொறக்கப் போறீகளா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கோகுலும் சிரித்தான். பை ஏறியது, ஆட்கள் ஏறினார்கள்.

வேனில் யாரும் தூங்கவில்லை. அடிவாரத்தில் விடிந்ததும் வனத்துறைக்காரர்கள் பாதையைத் திறந்துவிட்டார்கள். விரதம் என்று கோகுல் பச்சைத்தண்ணீரும் குடிக்காமல் பையை முதுகில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். இரண்டு மிடறு உப்புச் சர்க்கரைத் தண்ணீராவது குடியுங்கள் என்று செல்வலட்சுமி கெஞ்சியதற்கு, சாமி பார்த்துவிட்டுக் குடிக்கிறேன் என்றுவிட்டான். மாரிச்சாமி பின்னாலிருந்து அவன் கழுத்தையும் தோளையும் பார்த்தபடியே ஏறினார். வழியில் வந்த எந்தச் சாமியையும் அவர் பார்க்கவில்லை.

ஓடையைத் தாண்டிப் பாறைச் சரிவில் ஏறும்போது கோகுல் நின்றான். எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தான். அப்படியே விறைத்து, மரம் சாய்கிற மாதிரி பின்பக்கமாக விழுந்தான். தலை பாறையில் மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

கைகால் வெட்டி இழுத்தது. கையில இரும்பக் குடுங்கப்பா என்று யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். செல்வலட்சுமி அதைத் தட்டிவிட்டாள். கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவனைப் பிடித்து அமுக்காமல், தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். இழுப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வழிந்த நுரையைத் துடைத்தாள். பின்மண்டையில் ரத்தம். பையைப் பார்க்காமலே கை உள்ளே போய்க் காயத்துணியை எடுத்து வந்தது. அழுத்திக் கட்டினாள். கட்டி முடித்துத்தான் நிமிர்ந்தாள்.

"மாமா, இவுகளுக்கு இதுக்கு முன்னாடி இப்பிடி வந்திருக்கா?"

ஊரே நின்றது. பங்காளிகள், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள். ஒருத்தன் கையில் சாவிக்கொத்து இன்னும் இருந்தது.

"இல்லத்தா. வெயிலு. வெறும் வயிறு."

அவள் நம்பினாள். அந்த வீட்டில் மாமனார் சொல்லை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. வேட்டியில் தூளி கட்டி இறக்கும்போது வழியிலேயே மறுபடி இழுத்தது. அதற்குப் பிறகு விட்டு விட்டு இழுத்துக்கொண்டே இருந்தது.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டரும் அதையே கேட்டார். "இல்ல சார், இதான் மொதத் தடவ. மாமாகிட்டக் கேட்டுட்டேன்," என்று செல்வலட்சுமி பதில் சொன்னாள். டாக்டர் மாரிச்சாமியைப் பார்த்தார். மாரிச்சாமி தலையாட்டினார். பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கண் முழித்ததும் சொல்லிவிடலாம், கண் முழித்ததும் சொல்லிவிடலாம் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தார். எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தார். தலைக்குள் ரத்தம் கசிகிறது, இழுப்பும் நிற்கவில்லை என்றார்கள். மறுநாள் சாயங்காலம் கோகுல் போய்விட்டான்.

கருமாதி அன்று முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. அதற்குள் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பி ஊன்றிவிட்டது. பழைய பையில் இருந்ததையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டாளாம், பெரியவர் வைத்திருந்த பிளேடையும் கயிற்றையும்கூட விடவில்லையாம், மலை பொறுக்குமா என்று. பந்தலிலும் அது வாய்விட்டு வந்தது. பங்காளி ஒருத்தர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"படிச்ச பிள்ள கட்டுன பை. கட்டுன புருசனக் காப்பாத்தல."

செல்வலட்சுமி பெண்கள் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து தலை குனிந்திருந்தாள். எதையோ வைக்க மறந்துவிட்டோம் என்று அவளே நம்புவது போல இருந்தது. அவள் அப்பா ஆண்டிச்சாமி எழுந்தார். என் மகள் ஏச்சுக் கேட்கவா இங்கே இருக்கிறாள், இப்போதே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். திருச்சுழிக்காரர்கள் முன்வரிசை நாற்காலிகளில் இருந்தார்கள். அடுப்படிக் கதவோரம் தங்கம் நின்றாள்.

மாரிச்சாமி எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சபையில் அவர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பிள்ள மேல குத்தமில்ல. எம்மகனுக்குப் பத்து வயசுல இருந்து வலிப்பு இருந்துச்சு. மாத்திர பையிலதான் இருந்துச்சு. இது யாரு போடுறதுன்னு இவ கேட்டா. பழசுன்னு நாந்தேன் சொன்னேன்."

வெற்றிலை மென்ற வாய் நின்றது. பிறகு திருச்சுழிப் பெரியவர் நாற்காலிக்கடியில் காலால் செருப்பைத் தேடினார். இலை போட்டாயிற்று, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். ஆண்டிச்சாமி மட்டும் மாரிச்சாமியின் எதிரில் வந்து நின்றார்.

"நாங்க சாதகத்த மட்டுந்தான் கேட்டோம். நீங்களாச் சொல்லியிருக்கணும் சம்பந்தி."

மாரிச்சாமி தலை குனிந்தார்.

கார் தெருவில் நின்றது. செல்வலட்சுமியின் பெட்டியை ஏற்றினார்கள். அவள் கதவைப் பிடித்தபடி நின்று, வாசல்வரை வந்த மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

"மலையில கேட்டேன்ல மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். கார் பாளையம்பட்டி ரோட்டில் திரும்பிப் புழுதி அடங்கும் வரை அவர் நின்றார். பந்தலுக்குள் போட்ட இலைகள் காற்றில் புரண்டுகொண்டிருந்தன. ஊர் கலைந்துவிட்டது. உள்ளே தங்கம் அறைக் கதவைத் தாழிட்டிருந்தாள். அவர் கதவருகே போனார். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவர், என்ன சொல்லித் தட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.