ஒத்தைத்தோளன் பாட்டு

புத்தகத்தை மறுபடி அச்சில் கொண்டுவந்த பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பாட்டு எங்க அப்பா பாடினது. அவரு பேரை எங்க போட்டிருக்கீங்க?"

நூலகத்து மாடி அறை. மேசைமேல் பழுப்பேறி முதுகு பிய்ந்த ஒரு புத்தகம், பக்கத்தில் அதையே புதிதாக அச்சடித்த கட்டு. கரையில் நின்று வலைக்கயிறு இழுக்கிறவர்கள் பாடிய பாட்டுகளை, நான் பிறந்த காலத்தில் எவனோ வந்து எழுதிக்கொண்டு போய் அச்சில் போட்டானாம். எழுதிக்கொண்டு போகிறவர்களை நான் நம்புகிறதில்லை. சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு எங்கள் கரைக்கு வந்த எவனும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறான்.

அதுவும் நானாகப் போகவில்லை. இடுப்பு முறிந்து படுத்திருக்கிற அக்காதான் அனுப்பினாள். "அப்பாவுக்கு ஒரு போட்டோகூட இல்லடா. அந்தப் புத்தகத்துலயாவது இருப்பாரு. பாத்துட்டு வா." எனக்குப் பால்பல் விழுமுன்னே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கயிற்றில் அவர்தான் பாட்டெடுப்பார், மற்றவர்களெல்லாம் பின்பாட்டு என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டே நானும் இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன்.

"பேரு சொல்லுங்கய்யா, பாக்கறேன்" என்றாள் அந்தப் பெண். கோபமே வரவில்லை அவளுக்கு. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"சொந்தப் பேரு யாருக்குத் தெரியும்? படகு சாய்ஞ்சு ஒரு தோள் இறங்கிப்போச்சு அவருக்கு. ஒத்தத்தோளன்னாதான் கரையில தெரியும்."

பக்கங்களைப் புரட்டினாள். முகம் மலர்ந்தது. "இருக்குய்யா. அவரு பேரோடயே ஒரு பாட்டு இருக்கு." அப்புறம் கண்ணை ஓட்டினாள், மலர்ந்த முகம் சுருங்கியது. "நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா படிச்சுக்கங்களேன்."

"ஏன், எதை மறைக்கிறே? சத்தமா படி. எல்லாரும் கேக்கட்டும்."

படித்தாள்.

ஒத்தத்தோளா ஒத்தத்தோளா - ஏலேலோ
கயித்தை இழுக்க வந்தியா - ஏலேலோ
கயித்துல தொங்க வந்தியா - ஏலேலோ
வீட்டுல இருக்கற பொண்டாட்டி வந்தா - ஏலேலோ
உனக்கு முன்னால இழுப்பா பாரு - ஏலேலோ
பங்குக்கு மட்டும் ரெண்டு தோளு - ஏலேலோ

முதலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். 'ரெண்டு தோளு' வந்ததும் முன்வரிசையில் சிரிப்பு வெடித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. நல்ல பாட்டுக்குச் சிரிக்கிற சிரிப்புதான். எனக்குத்தான் காது மடல் எரிந்தது.

"இவருதான் உங்க அப்பாவாய்யா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. எங்க அப்பா வேற. இவன் எவனோ."

இவர் என்றுகூட வாயில் வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் சோடாபுட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருக்காரர். மீசை முளைக்கிற வயதில் அப்பாவோடு ஒரே கயிற்றில் நின்றவர். தடித்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பெண் என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தாளோ என்னவோ, "எல்லாரும் சேர்ந்து பாடலாமா?" என்றாள். அறையே கைதட்டத் தொடங்கியது. சும்மா உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து நானும் தட்டினேன். பங்குக்கு மட்டும் ரெண்டு தோளு என்று அவர்கள் பாட, ஏலேலோ என்று என் வாயும் சொன்னது.

கிளம்பும்போது அந்தப் பெண் என் கையில் ஒரு புத்தகத்தைத் திணித்தாள். மாடிப்படியில் சோடாபுட்டி கைப்பிடியைத் தடவிக்கொண்டு முன்னால் இறங்கினார்.

"தினம் ஒருத்தன் மாட்டுவான்டா. எவன் கை தளருதோ அவன் பேரைப் போட்டு ஏசறது. ரோஷம் வந்து இழுப்பான். வலை கரையேறினா அதோட சரி. அதையே தெருவுல வந்து எவனாவது பாடினான்னா அவன் வாயில பல்லு நிக்காது. எழுதறவன் வந்த அன்னைக்கு உங்கப்பன் மாட்டினான்."

"பாட்டெடுத்தது யாரு?"

"எங்க அண்ணன். உங்கப்பனுக்கு மூச்சு வாங்கவே நேரம் பத்தாது. இதுல பாட்டு வேறயா?" இரண்டு படி இறங்கி நின்றார். "எவ்வளவோ ஏசியிருக்கோம். எவனோன்னு மட்டும் அவனை நாங்க யாரும் சொன்னதில்ல."

அவர் போன பிறகும் படியிலேயே நின்றேன்.

பேருந்தில் எழுத்துக் கூட்டி அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தும் பார்த்தேன். ஒரு இழு இழுத்தால் கையோடு வந்துவிடும். பக்கத்தில் இருந்த அம்மாள் என் விரலையே பார்த்தாள். மூடிவிட்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அக்கா உள்ளிருந்து கேட்டாள்.

"இருக்காராடா?"

"இருக்காரு."

"பேரு போட்டிருக்கா?"

"ஒத்தத்தோளன்னு போட்டிருக்கு."

"பாட்டெடுத்தவர்னு போட்டிருக்கா?"

பானையில் தண்ணீர் இருந்தது. இருந்தாலும் அதை எட்டிப் பார்த்தேன்.

"உன்னைக் கேட்டா வெண்டைக்காய் விளக்கெண்ணெய்னு இழுப்பே. கண்ணாடியைக் குடு, நானே படிச்சுக்கறேன்."

அவள் எழுந்து உட்காருவதற்காக ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தாள். ஒரு தோள் எழும்பியது. இன்னொன்று தலையணையிலேயே கிடந்தது.

"நின்னு வேடிக்கை பாக்காதடா. கொஞ்சம் கை குடு."

என் ஒரு கையில் புத்தகம் இருந்தது, இன்னொன்றில் அவள் கண்ணாடி.