மயிர்க்கொட்டி

பெனிசிலின் ஊசி தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து நாகரத்தினம் ஐயாவின் நடையே மாறிவிட்டது. அவர் படித்தது மருந்து கலக்கும் படிப்பு. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துச் சனங்களுக்கோ 'டாக்டர் ஐயா'. அந்தப் பட்டத்தை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. இனி இங்கே காய்ச்சலில் ஒருத்தரும் சாக மாட்டார்கள் என்று துரையிடம் இங்கிலீசில் சொல்லிவிட்டு வந்திருந்தார். வேறு எதிலாவது சாவதற்குத் தடையில்லை.

போன வருஷம் கால் புண்ணுக்கு இந்த ஊசியைப் போட்டபோது கொழுந்தெடுக்கும் காளியாயிக்கு வெறும் அரிப்போடு போயிற்று. இந்தத் தடவை நெஞ்சுச் சளிக்கும் காய்ச்சலுக்கும் ஒன்று போட்டார். ஐயா படியிறங்கிய சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. எப்படியோ பிழைத்தாள். மறுநாள் காலையில் அடுத்த ஊசியோடு ஐயா வந்து நின்றார்.

காளியாயியின் நாத்தனார் வீரம்மா வாசலை மறித்தாள்.

"வேணாமுங்க ஐயா. அந்த ஊசி இவளுக்கு ஒத்துக்கலீங்க. நேத்து உசுரு போயி வந்துச்சு."

"விசர்க் கதை! லண்டனிலை துரைமாருக்கே போடினம். உங்கடை உடம்புக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதோ?" ஐயா எட்டித் தடிப்பைப் பார்த்தார். "இது மயிர்க்கொட்டி."

ஐயாவின் ஊரான யாழ்ப்பாணத்தில் கம்பளிப்பூச்சிக்கு அதுதான் பேர். லயத்தில் அந்தச் சொல்லின் முதல் பாதி சண்டையில் மட்டுமே வரும்.

"உசுரு போகுதுங்கிறேன், கெட்ட வார்த்த பேசுறீங்களே!"

"பூச்சியடி, பூச்சி! கொழுந்து எடுக்கேக்கை பட்டிருக்கும்."

"அவ மலைக்கே போகலீங்க. ஒரு வாரமா கம்பளிக்குள்ளதான் கெடக்குறா."

"அப்ப கம்பளிக்குள்ளை இருந்திருக்கும்."

ஊசியில் மருந்து ஏறியது. பேச முடியாத காளியாயி, வீரம்மாவின் சேலையை இறுகப் பிடித்தாள். உண்மைக்கு இங்கே மதிப்பில்லை என்று வீரம்மாவுக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"பூச்சி இல்லீங்க. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஆத்தா வந்திருக்கா. அம்மை."

ஐயா துள்ளிப் பின்வாங்கியதில் தொப்பி சாக்கடைக் காணுக்குள் விழுந்தது. "முதலே சொல்லுறதுக்கு என்ன!" தொப்பியை எடுக்க அவர் நிற்கவில்லை.

தடிப்பு அடங்கியது. காய்ச்சல் கசாயத்துக்கு முனகிக்கொண்டே இறங்கியது. ஐயா துரையின் பங்களாவுக்குப் போய்ச் சொன்னார்: ஒரே ஊசியில் அம்மையும் ஓடிவிட்டது! துரை தோளில் தட்டிக் கொடுத்தார். தட்டு வாங்கிய தோளோடு, புதுத் தொப்பியோடு, ஐயா திரும்பவும் லயத்துக்கு ஏறினார். கையில் ஊசி.

"எங்கை காளியாயி? அம்மைக்கும் இதுதான் மருந்து. மிச்சத்தையும் போட்டு முடிப்பம்."

வீரம்மாவிடம் இன்னொரு பொய் இல்லை. கூரையிடுக்கில் புருஷன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அதை உருவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"என்னடி இது?"

வீரம்மா ஐயாவின் பூச்சியைத்தான் சொன்னாள். ஆனால் முதல் பாதியை மட்டும்.

இந்தத் தடவை ஐயாவுக்கு லயத்துப் பேச்சு விளங்கியது.