காது அறுத்த கடிகாரம்

1

வாசகப் பெருமக்களே, எழுந்து வாருங்கள். ஒரு களவுக்குச் சாட்சியாகுங்கள்! நெய்வேலிச் சுரங்கத்தின் அடியில், பழுப்பு நிலக்கரியைச் சுமந்தோடும் பெல்ட்டின் ஓரத்தில், ஒப்பந்தப் பெண்கள் சிந்திய மண்ணை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். வேலை நேரத்துக்கு மேலே ஊதும் சங்கு பெல்ட்டின் இரைச்சலில் அவர்களுக்குக் கேட்பதில்லை. அங்கே நேரம் என்பது ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி வெள்ளைச்சாமியின் மணிக்கட்டில் மட்டுமே இருக்கிறது. அந்தக் கடிகாரம் காலையில் முந்தி ஓடும். மாலையில் பிந்தி ஓடும். எந்தப் பட்டறையும் செய்தறியாத அதிசயக் கடிகாரம்!

(இவ்வளவும் 1979-இல் நான் எழுதிய துண்டறிக்கையின் முதல் பத்தி. ஆம், இக்கதை துண்டறிக்கையாகவே பிறந்தது. அச்சுக்குப் போகுமுன் அதைப் படித்த கிறிஸ்துதாஸ், "எல்லாம் சரிங்க. திட்டுறதுக்கு நாலு பக்கம் இருக்குது. என் கையக் காப்பாத்துன அந்தக்காவுக்கு நன்றி சொல்ல ஒரு வரி இல்லியே?" என்றார். அந்த ஒரு வரியைத் தேடிப் புறப்பட்டேன். இங்கே வந்து நிற்கிறேன்.)

2

முதல் முயற்சி: "பொன்னம்மாள் ஒரு வீராங்கனை. அவள் தன் உயிரையும்..."

வேண்டாம். மேடையில் கைத்தட்டல் வாங்கும் வாக்கியம்; இதில் பொன்னம்மாளைக் காணோம். மேலும், 'அவள்' என்று எழுதிய பேனாவைக் கண்டிக்கிறேன். கிறிஸ்துதாஸ் 'அவர்' என்றால் பொன்னம்மாளும் 'அவர்' தான்.

இரண்டாம் முயற்சி: கிறிஸ்துதாஸ், பதினாறாம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நிரந்தரத் தொழிலாளி, சுரங்கத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். ஓய்வு கிடைத்தால் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவார். ஒரு நாள் ஓடும் பெல்ட்டின் உருளையருகே அவர் குனிந்தபோது கடிகார வார் சிக்கியது. கையை உள்ளே இழுத்தது. பக்கத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்த பொன்னம்மாள் கூடையை எறிந்துவிட்டு, பெல்ட் நெடுகக் கட்டியிருக்கும் நிறுத்தக் கயிற்றை இரு கைகளாலும் பற்றித் தொங்கினார். பெல்ட் நின்றது. கை பிழைத்தது.

அன்று மாலை வெள்ளைச்சாமி செய்தது என்ன?

"பெல்ட்டு நின்ன நேரத்த உங்கப்பனா வந்து குடுப்பான்? அள்ளிட்டுப் போங்கடி!"

கிறிஸ்துதாஸின் கையை விடுவிக்கச் செலவான நேரத்தைப் பெண்களின் மாலைப் பொழுதிலிருந்து பிடுங்கிக்கொண்டார். மருத்துவமனைக் கட்டிலில் இதைக் கேட்டறிந்த கிறிஸ்துதாஸ், தம் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

3

கடிகாரத்தின் கேஸ், அதாவது வெளிக்கூடு, நசுங்கிவிட்டது; கண்ணாடி தூளாகிவிட்டது. உள்ளிருந்த மெஷினோ, துடைத்து எண்ணெயிட்டதும் ஒன்றும் நடவாதது போல் ஓடத் தொடங்கியது. தன் கையோடு பிழைத்த அந்த மெஷினைப் பொன்னம்மாளுக்கே கொடுப்பதென அவர் முடிவு செய்தார். தமக்கென்று ஒரு கடிகாரம் இருந்தால் அந்தப் பெண்களிடம் மேஸ்திரியின் அதிசயம் பலிக்காது. ஆனால் அதற்கு ஒரு கேஸ் வேண்டும்.

பண்ருட்டிக் கடிகாரக் கடைக்காரர் குழந்தைவேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"கம்பெனி கேஸ் இல்லீங்க, வெளிப் பட்டறையில அடிச்சது. பாக்கறதுக்கு அசல் பழைய மாடல். யாருக்குங்க?"

"ஒரு அம்மாவுக்கு."

"அப்ப தங்க முலாம் எடுத்துக்குங்க. பொம்பளைங்க வேற எதப் பாப்பாங்க?"

"மணி பாப்பாங்க" என்றார் கிறிஸ்துதாஸ்.

முலாம் கேஸில் மெஷின் நுழையவில்லை. சதுரக் கேஸில் டயலைச் சுற்றி இடைவெளி இளித்தது. மூன்றாவது, அகன்ற எஃகுக் கேஸ். பின்மூடி திருகி மூடுவது, கரித்தூள் புகாது. மெஷின் அதில் அமர்ந்தது. சாவி கொடுக்கும் தண்டு துளைக்கு நேரே வந்து நின்றது. கிறிஸ்துதாஸ் நெஞ்சு நிறைந்து, ஒரு புதுத் தோல் வாரும் வாங்கிவந்தார்.

(இங்கே என் பாத்திரத்தின் மீது எனக்கே ஐயம். தண்டின் உயரம்வரை சரிபார்த்த மனிதர் இதை மறப்பாரா? மறந்தார். நன்றி மிகுந்தால் இப்படியும் ஆகும்.)

அவருடைய மனைவி செசிலியா வாரை இரு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"ஏங்க, உங்க கைய மாட்டிவுட்டதே வாட்ச் வாருதான? அதே வார அந்தக்கா கையிலயும் கட்டிவுடப் போறீங்களா? நல்லா இருக்குது உங்க நன்றி!"

"நெசமா எனக்குத் தோணவே இல்ல, செசிலி."

"உங்களுக்குக் கயிறு இழுக்க ஆள் இருந்தாங்க. அவங்களுக்கு யாரு இழுப்பா?"

4

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் முத்தாண்டிக்குப்பம் போனார்கள். பொன்னம்மாள் வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார்.

"கயித்த இழுத்ததுக்கு ஆராவது வாட்ச் குடுப்பாங்களாங்க? தெரிஞ்சிருந்தா தெனம் இழுத்துக்கினு இருந்திருப்பனே!" என்று சிரித்தார். பிறகு கடிகாரத்தைக் காதோரம் வைத்துக் கேட்டார். சிரிப்பு அடங்கியது. "அன்னிக்கு உங்க கையில இருந்ததா சார் இது?"

"அதேதாங்க்கா."

"வார் வாணாம்" என்றார் செசிலியா. "கழுத்துல போட்டுக்கற மாதிரி செய்யலாம். மேல ஒரு மூடி வெச்ச கேஸா வாங்கினா ரவிக்கைக்குள்ள மறைச்சிக்கலாம். மேஸ்திரி கண்ணுல படாது."

"மூடி வாணாம்மா. மறைச்சி வெச்சிக்கினு நான் மட்டும் பாத்தா என்னா லாபம்? கூட வேல செய்ற பொம்பளைங்க அத்தினி பேரும் எட்ட நின்னுக்கினே பாக்கணும். அந்தாளும் பாக்கணும். பெருசா, தெறந்தே இருக்கட்டும். நான் சுருக்குப் பையில வெச்சிக்கினு போறன்."

வீடு திரும்பிய கிறிஸ்துதாஸ் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, எஃகுக் கேஸில் வார் மாட்டுவதற்கென நீட்டியிருந்த நான்கு காதுகளையும் அறுத்தார். எந்த நூலும் சிக்காதபடி அரத்தால் வழவழவென்று தேய்த்தார். நான்கு காதுகளையும் இழந்த அந்தக் கேஸைப் போல அழகானதொன்றை நான் கண்டதில்லை.

5

மறுநாள் காலையிலேயே கடிகாரம் பொன்னம்மாளின் சுருக்குப் பைக்குள் போய்விட்டது. இப்போது மாலை. மேலே சங்கு ஊதிவிட்டது, கீழே கேட்கவில்லை.

"இன்னும் மணி ஆவல. அள்ளுங்கடி."

பொன்னம்மாள் கூடையைக் கீழே வைக்கிறார். சுருக்குப் பையைத் திறக்கிறார். வட்ட எஃகைத் தலைக்குமேல் உயர்த்துகிறார்.

"மேஸ்திரி, இத பாருங்க. ஆயிடுச்சு."

முடிவு அ: வெள்ளைச்சாமி தலைகுனிகிறார். (மேடை நாடகம். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவர் அதைப் பிடுங்கிப் பெல்ட்டில் வீசுகிறார், அது கரியோடு கரியாக... (கிறிஸ்துதாஸின் முகம் நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன்.)

முடிவு இ: "நாளைலேர்ந்து உனக்கு வேல இல்ல." (இதுவே நடக்கக்கூடியது. அதனாலேயே என் கை எழுத மறுக்கிறது.)

மற்றப் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒரு கூடை கீழே இறங்குகிறது. இரண்டாவது கூடை...

இங்கே நிறுத்துகிறேன். அம்மா பொன்னம்மாள், கயிற்றைப் பற்றிய உங்கள் கைகளுக்கும், இப்போது உயர்ந்திருக்கும் கைக்கும் நன்றி. கிறிஸ்துதாஸ் கேட்ட வரி இதுதான். ஆனால் உயர்த்திய கை எவ்வளவு நேரம் தனியே நிற்கும்?

வாசகரே, முடிவு உம்மிடம் இருக்கிறது. உம் கடையில், பட்டறையில், அரவை ஆலையில் கடிகாரம் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று பாரும். முதலாளியின் நாற்காலிக்கு மட்டும் தெரிகிறதென்றால் ஆணியைப் பிடுங்கும். குனிந்து வேலை செய்பவர் நிமிர்ந்தால் கண்ணில் படும் சுவரில் அதை இன்றே மாட்டும். அங்கே ஒரு கூடை இறங்கட்டும்.