டாக்டர் பேசிய ஆறு நிமிடம்

டாக்டர் பேசி முடிக்க ஆறு நிமிடம் ஆயிற்று. வேறு வேலை இல்லாமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு அது நன்றாகத் தெரியும். நடுவில் மகள் மூன்று நான்கு தடவை குறுக்கே ஏதோ கேட்டாள். டாக்டர் கையை விரித்தும் மடக்கியும், காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டியும் பதில் சொன்னார். ஒரு கட்டத்தில் மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அம்மாவைப் பார்த்து, ஆறு நிமிடத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லையாம்மா. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க. வா, போலாம்."

ஒன்றுமில்லாததைச் சொல்ல ஒரு டாக்டருக்கு எதற்கு ஆறு நிமிடம்? பஸ்ஸில் வீடு திரும்பும்வரை இதே கேள்விதான் அவளைக் குடைந்தது. கழுத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. ஊசி போட்டு உள்ளேயிருந்து ஏதோ எடுத்து, சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்த முடிவுதான் "ஒண்ணுமில்லையாம்மா". மகள் பக்கத்து சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் திரை எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.

மகளின் அந்தக் குரலை அவள் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள். பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே போன்ற ஓர் ஆஸ்பத்திரி அறையில் அவள் கணவர் படுத்திருந்தார். டாக்டர்கள் வருவார்கள், கட்டில் பக்கத்தில் நின்று நீளமாகப் பேசுவார்கள். அப்போது மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டிலேயே அந்த நாட்டுப் பேச்சு தெரிந்த ஒரே ஆள் அவள்தான். "சரியாயிடும்னு சொல்றாங்கம்மா" என்பாள். கடைசி வாரம்வரை அதையேதான் சொன்னாள். இவளும் சரியாகிவிடும் என்று நம்பி, அவர் வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டையெல்லாம் வாங்கி வைத்திருந்தாள். அதைப் பற்றி அம்மாவும் மகளும் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அன்று மறைத்தவள் இன்றும் மறைக்கிறாள், எனக்கு நாள் எண்ணியாகிவிட்டது என்றுதான் இவளுக்குத் தோன்றியது.

இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடமாகியும் அவளுக்கு அந்த மொழி வரவில்லை. தேவைப்படவும் இல்லை. ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. மெஷின்கள் போடும் சத்தத்தில் அங்கே யாரும் யாருடனும் பேச முடியாது. சூப்பர்வைசர் கத்தும் ஐந்தாறு வார்த்தைகள் போதும்: தூக்கு, வை, நில், சீக்கிரம், அடுத்தது, மறுபடியும். அவள் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக "ஓகே" என்பாள். அங்கே அவள் பெயரே ஓகே என்றாகிவிட்டது. வருகைப் பட்டியலில்கூட யாரோ விளையாட்டாக அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் டாக்டரின் வாயிலிருந்தே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். ஐம்பத்தாறு வயதில் எடுத்த முடிவு. நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது.

நூலகத்து மாடியில் செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொரு மணிக்கு இலவச வகுப்பு நடந்தது. அவளுடைய ஷிப்ட் பத்தரைக்கு முடியும். இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை என்று மகளிடம் பொய் சொன்னாள். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர்தான் டீச்சர். முதல் நாள் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தார், இரண்டாம் நாள் காய்கறிக் கடையில் பேரம். மூன்றாம் நாள் இவள் பொறுக்க முடியாமல் ஒரு தாளில் கழுத்தை வரைந்து, அதில் ஒரு வட்டம் போட்டு, டீச்சர் முன்னால் வைத்தாள். டீச்சர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். அன்றிலிருந்து வகுப்பு முடிந்தபின் இருவர் மட்டும் அரைமணி நேரம் உட்கார்ந்தார்கள். டீச்சர் டாக்டராக நடிப்பார், இவள் நோயாளி. நடிக்க வேண்டிய அவசியம் இவளுக்கு இருக்கவில்லை.

நாக்கு லேசில் புரளவில்லை. நேற்றுப் படித்தது இன்று காற்றோடு போயிருக்கும். பெட்ஷீட் மடிக்கும்போது ஒரு மடிப்புக்கு ஒரு வார்த்தை என்று வாய்க்குள் முனகிப் பார்த்தாள். கழுத்து, கட்டி, ஊசி, வலி. நாலு மடிப்பில் ஒரு பெட்ஷீட் முடிந்துவிடும், வார்த்தைகளும் அதோடு அலமாரிக்குள் போய்விடும். பாதி நாள் அழுகையாக வந்தது. இன்னொரு சங்கடமும் இருந்தது. இருபது வருடமாக சூப்பர்வைசர் வாயிலிருந்து கேட்ட மொழி என்பதால், அவள் எதைச் சொன்னாலும் அதட்டலாகவே வந்து விழுந்தது. தண்ணீர் கேட்டால்கூட "தண்ணி, சீக்கிரம்!" என்றிருக்கும். டீச்சர் நாலைந்து தடவை திருத்திப் பார்த்தார், பிறகு மரியாதையை அப்புறம் கற்றுக்கொள்ளலாம் என்று கைகழுவிவிட்டார்.

மறு பரிசோதனைக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். மகள் அன்றைக்கு லீவு சொல்லி வைத்திருந்தாள். இவள் முந்தின வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய், கவுண்டரில் நின்று, வியர்த்து வழிந்து, தேதியைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வெளியே வந்தபோது யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆளிடம்தான் சொல்ல முடியாதே.

செவ்வாய்க்கிழமை டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். மகளைத் தேடுகிறார். பிறகு போனைக் காட்டி, மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றாள் அவள். "நீ சொல். நான் கேட்பேன்."

டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்தார், பேச ஆரம்பித்தார். முதல் இரண்டு வாக்கியமும் அவளைத் தாண்டிப் போய்விட்டன. "நில்," என்றாள். டாக்டர் நிறுத்தினார். "மறுபடியும். மெதுவாக." மறுபடியும் சொன்னார். பேசும்போது அவர் பேனாவை ஆட்டிக்கொண்டே இருந்தது இவள் கவனத்தைக் கலைத்தது. "அதைக் கீழே வை." வைத்துவிட்டார். அத்தனை பெரிய படிப்புப் படித்தவர், சலவைக்கூடத்துக்கு முதல் நாள் வேலைக்கு வந்தவர் மாதிரி இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு வார்த்தையை அவள் முதல் வாரமே அகராதியில் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். டீச்சரிடம்கூட அதைச் சொல்லிப் பழகியதில்லை. அந்த நோயின் பெயர். இப்போது அதைச் சொன்னாள்.

"அதுவா?"

"இல்லை."

"உண்மையாக?"

"உண்மையாக. இது கெட்ட கட்டி இல்லை. வளரவும் இல்லை. இதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது."

எல்லா வார்த்தையும் புரிந்தது. நடுவில் யாரும் நிற்கவில்லை, யாரும் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆறு மாதமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தோளிலிருந்து இறங்குவதுபோல இருந்தது. அழக் கூடாது என்று நினைத்தாள், ஆனால் அழுதாள். டாக்டர் டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என் மகள். அன்றைக்கு. அவளிடமும் இதையேதான் சொன்னாயா?"

டாக்டர் தலையசைத்தார். இதையேதான் சொன்னாராம். மகள்தான் நம்பாமல் ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டாளாம். பூசி மெழுகாமல் சொல்லுங்கள், கெட்டது என்றால் கெட்டது என்றே சொல்லுங்கள், இந்தத் தடவை நான் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்றாளாம். அவளைச் சமாதானப்படுத்தத்தான் படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது என்றார். இதில் முக்கால்வாசி அவளுக்கு உடனே புரிந்தது. மிச்சத்தை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டாள்.

வெளியே வந்தால், தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து மகள் ஓடி வந்துகொண்டிருந்தாள். தேதியை மாற்றத் தெரிந்தவளுக்கு, நினைவூட்டல் செய்தி மகளின் போனுக்குத்தான் போகும் என்பது தெரியவில்லை. வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறாள். கோட்டில் ஒரு கைதான் நுழைந்திருந்தது.

"என்னம்மா இது, சொல்லாம கொள்ளாம? உள்ள என்ன சொன்னாங்க? நீ என்னன்னு புரிஞ்சுக்கிட்ட?"

டாக்டர் சொன்ன வாக்கியத்தை அவள் அந்த மொழியிலேயே, அதே வரிசையில் சொன்னாள். கெட்ட கட்டி இல்லை. வளரவும் இல்லை. ஒன்றும் ஆகாது. மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே கற்றுக்கொண்டாய், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவள் கேட்டதற்கெல்லாம் இவள் பதில் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். இவளுக்குக் கேட்க வேண்டியது வேறு.

"அப்பாவுக்கு அப்ப என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"பாதிதாம்மா புரிஞ்சுது. பெரிய பெரிய வார்த்தையா சொல்வாங்க. புரிஞ்ச பாதியைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. நீ என் வாயையே பார்த்துக்கிட்டு நிப்ப. சரியாயிடும்ங்கிறது மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்துச்சு."

பதினாறு வருடம், இந்தப் பெண் மறைத்தாள் என்று இவள் மனசுக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தாளே. கோட்டின் இன்னொரு கையை எடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள்போல மகளின் தோளில் போர்த்தினாள்.

"பச்சப் புள்ளைய நடுவுல நிக்க வெச்சுட்டோம்," என்றாள். "தப்பு எங்க மேலதான்டி."

கவுண்டரில் அடுத்த வருடத்துக்குத் தேதி வாங்க வேண்டியிருந்தது. அங்கிருந்தவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஏதோ கேட்டதும், பழக்கத்தில் மகள் எழுந்து வந்து வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் போய் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

தேதி, பெயர், தெரு, கதவு எண். எல்லாவற்றுக்கும் அவள் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். தொடர்புக்கு எந்த எண் என்று கேட்டபோது தன் எண்ணையே ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். ஒரு இலக்கம் தப்பாகிவிட, அழிக்கச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர் பெருமூச்சு விட்டார். விடட்டும் என்று விட்டுவிட்டாள்.

எல்லாம் முடித்துத் திரும்பினால், மகள் தூங்கிப்போயிருந்தாள். தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. தாழ்வாரத்தில் தள்ளுவண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன, ஒலிபெருக்கியில் யார் யாரையோ கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. அம்மா பக்கத்து நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, மகளின் மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.